ஏசுதாசன் சாரின் ஓனர்

ஏசுதாசன் சார் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் ஆசிரியர். பூமி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு சூரியனையும் சுற்றுகிறது என்று ஆண்டு தவறாமல் பாடம் நடத்தியவர், தானும் அதேபோலத் தாம்பரம் ரயில் நிலையத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். சேலையூர், சிட்லபாக்கம், இரும்புலியூர், முடிச்சூர், பெருங்களத்தூர், திரும்பவும் சேலையூர். எல்லாமே வாடகை வீடு. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து இளம் வயதில் வேலைக்கு வந்தவர், மீசைக்குச் சாயம் பூசும் வயது வந்த பிறகும் அவர் பெயரில் ஒரு செங்கல் கிடையாது.

அதற்காக அவர் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. குடித்தனம் இருப்பதில் அவர் கைதேர்ந்துவிட்டார். முடிச்சூர் வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றார். சார் காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டினார். சிட்லபாக்கத்து அம்மாவுக்குக் கவுச்சி வாசனை ஆகாது. ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லா ஜன்னல்களையும் சாத்திவிட்டு, வியர்த்து வழிய மீன்குழம்பு சாப்பிட்டார்கள். பெருங்களத்தூர்க்காரர் மோட்டார் போடும் நேரத்தை ராணுவ ரகசியம்போலக் காத்தார். சார் குழாயடியில் வாளியை வைத்துவிட்டுப் பொறுமையாகப் பேப்பர் படித்தார். ஒவ்வொரு வீட்டையும் விட்டுப் போகும்போது அந்தந்த வீட்டுக்காரர் கண்கலங்குவார். "உங்கள மாதிரி ஒரு டெனன்ட் இனிமே கிடைக்க மாட்டாங்க சார்" என்பார். காலி பண்ணச் சொன்னவரும் அவராகத்தான் இருப்பார்.

சாரின் மனைவி ரத்தினபாய் குரோம்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூத்த செவிலியர். ஊசி போடும்போது "வலிக்காது" என்று சொல்கிற ரகம் அல்ல. "வலிக்கும், கையை நீட்டுங்க" என்பார். இவர்களுக்கு ஒரே மகள், பிளஸ்ஸி. கேளம்பாக்கம் பக்கம் ஒரு கணினி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் அவள் செய்த முதல் காரியம், அப்பாவை உட்காரவைத்து, "அப்பா, நாம வீடு வாங்குறோம்" என்று சொன்னதுதான். 'வாங்கலாமா' என்று கேட்டிருந்தால் சார் அதைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருப்பார் என்பது அவளுக்குத் தெரியும்.

அப்படி வாங்கியதுதான் கூடுவாஞ்சேரியில் எங்கள் 'மகிழம்பூ அபார்ட்மென்ட்ஸ்' மூன்றாவது மாடி வீடு. எங்கள் வளாகத்தில் மகிழமரம் கிடையாது. வாசலில் ஒரு பாதாம் மரம் இருக்கிறது. அது இலைகளை உதிர்ப்பதைத் தவிர வேறு வேலை எதுவும் செய்வதாகத் தெரியவில்லை. அந்த மூன்றாவது மாடி வீட்டின் பழைய உரிமையாளர் எப்போதோ மெல்போர்ன் போய்விட்டவர். கட்டிய நாளிலிருந்து அதை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். மைத்துனரை அனுப்பி விற்றார். விற்ற விஷயத்தை எங்கள் சங்கத்துக்குச் சொல்லவில்லை.

பத்திரப் பதிவு முடிந்து வெளியே வந்தபோது அந்த மைத்துனர் மரியாதைக்குக் கேட்டாராம்: "வேற ஏதாச்சும் தெரியணுமா சார்?"

சார் கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஊர்லேர்ந்து விருந்தாளிங்க வந்தா நாலு நாள் தங்கலாமா சார்?" என்று கேட்டிருக்கிறார்.

பிளஸ்ஸி தலையில் அடித்துக்கொண்டாள். சிரிக்கவும் செய்தாள். அப்போதே கொஞ்சம் கவலைப்பட்டிருக்கலாம்.

குடிவந்த நாளில் ரத்தினபாய்க்குக் காலை டியூட்டி, பிளஸ்ஸிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. சார் மட்டும் டெம்போவில் முன்னால் உட்கார்ந்து வந்து இறங்கினார். கேட்டருகே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் எங்கள் சங்கச் செயலாளர் ஸ்ரீநிவாசராகவன். ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி. அலுவலகத்தை விட்டு வந்தாலும் தணிக்கையை விடாதவர். கீழ்த்தளத்தில் குடியிருக்கும் நானும் அப்போது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"மூணாவது மாடிக்கா? புதுசா குடி வர்றீங்களா?" என்றார் ஸ்ரீநிவாசராகவன்.

"ஆமா சார்."

"ஓனர் எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

இந்த இடத்தில் சார் சொல்லியிருக்க வேண்டிய பதில் மூன்றே சொல்: நான்தான் சார் ஓனர். ஆனால் இத்தனை வருடங்களாக வேறு மாதிரி பழகிய நாக்கு. "தப்புதான் சார். சொல்லியிருக்கணும்" என்றது.

"நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம். அந்தாளு எப்பவுமே அப்படித்தான். சரி, பெரிய சாமானெல்லாம் லிஃப்ட்ல ஏத்தக் கூடாது, என்ன?"

"ஏத்த மாட்டேன் சார்."

பீரோ மூன்று மாடியும் படியேறிப் போனது. தூக்கிய ஆட்கள் சாரைத் திட்டிக்கொண்டே தூக்கினார்கள். மாதாமாதம் பராமரிப்புப் பணத்தை பிளஸ்ஸி வீட்டு எண்ணைப் போட்டு மொபைலிலேயே கட்டிவிட்டாள். அதனால் அந்த வழியாகவும் எங்களுக்கு எதுவும் தெரியவில்லை.

உள்ளே நடந்ததெல்லாம் பிற்பாடு ரத்தினபாய் அக்கா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். வந்த வாரமே சமையலறையில் ஒரு அலமாரி பொருத்த வேண்டும் என்றிருக்கிறார் அவர்.

"செவுரு கெட்டுடும், ரத்தினா."

"யாரு செவுரு?"

சார் யோசித்தார். "நம்ம செவுருதான். அதுக்காகக் கெடுக்கணுமா?"

காலண்டர் ஜன்னல் கம்பிக்குப் போனது. சாமான் வந்த அட்டைப்பெட்டிகளைச் சார் மடித்துக் கட்டிலுக்கு அடியில் அடுக்கினார். எதற்கு என்று கேட்டால், "மறுபடி தேவைப்படும்" என்றார். டிவி சத்தம் கூடினால் எழுந்து போய்க் குறைத்தார். பிளஸ்ஸியின் தோழிகள் வந்து சிரித்தால், கீழ் வீட்டுக்குக் கேட்கும் என்று விரலை உதட்டில் வைத்தார். அந்தக் கீழ் வீட்டில் அப்போது யாரும் குடியில்லை.

வாடகைதாரர் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்ததை அவர் திருத்தவில்லை. ஏன் என்று கேட்டால் முதலில் கூச்சம். பிறகு, அதில் ஒரு வசதி இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். சங்கத்துப் பொருளாளர் பதவிக்கு ஆள் தேடி ஸ்ரீநிவாசராகவன் மாடி மாடியாக ஏறியபோது மூன்றாவது மாடியில் அந்தக் கதவை மட்டும் தட்டவில்லை. பார்க்கிங் சண்டையில் யார் பக்கம் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. கட்டடத்துக்குப் பச்சை அடிப்பதா, சந்தன நிறம் அடிப்பதா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து நாங்கள் ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காமல் நடந்த மாதத்தில், இரண்டு கட்சிக்கும் பொதுவாக வணக்கம் வைத்துக்கொண்டு ரயிலுக்குப் போனவர் ஏசுதாசன் சார் ஒருவர்தான்.

யாராவது எதையாவது வற்புறுத்தினால், "ஓனர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்பார்.

கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஓனருக்கு ஒரு குணம், நடை, உடை எல்லாம் வந்து சேர்ந்தது. சாரின் எதிர்வீடு ஹேமாவதியுடையது. படப்பையைத் தாண்டி ஒரு தொழிற்சாலையில் பணியாளர் நலப் பிரிவில் இருப்பவள். தொழிற்சங்கக்காரர்களோடும் முதலாளிகளோடும் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசிப் பழகியவள். விசாரிப்பது அவளுக்குத் தொழில்.

"உங்க ஓனர் இப்ப மெல்போர்ன்ல இல்லையா சார்?"

"இல்லம்மா. இங்கதான். பக்கத்துலதான்."

"என்ன பண்றார்?"

"வாத்தியார்."

"ஆள் எப்படி?"

"நல்ல மனுஷன்தான். கொஞ்சம் பயந்த சுபாவம். எதுக்கும் சட்டுனு முடிவெடுக்க மாட்டார்."

"வீட்டம்மா?"

"அவங்க நேர்மாறு."

கவனியுங்கள், ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சார் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவர். பொய் சொல்லக் கூடாது என்பதில் கண்டிப்பானவர். மற்றவர்கள் தாங்களாகத் தப்பாக நினைத்துக்கொள்வதைப் பற்றி வேதத்தில் ஒன்றும் சொல்லவில்லை என்று அவர் சமாதானம் செய்துகொண்டிருக்க வேண்டும்.

எங்கள் காவலாளி துளசிங்கத்துக்கு மட்டும் அந்த ஓனர் மேல் சந்தேகம். "இன்னா சார் உங்க ஓனரு? ஒரு நாளுகூட வூட்ட வந்து பாக்க மாட்றான். பேஜாரான ஆளா கீறானே" என்றான் ஒருநாள்.

"பாக்காம இல்லப்பா" என்றார் சார். "தெனமும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கார்."

துளசிங்கம் உடனே நிமிர்ந்து, கேட்டில் இருந்த கேமராவைப் பார்த்து சலாம் வைத்தான். அன்றிலிருந்து பகலில் தூங்குவதையும் குறைத்துக்கொண்டான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்துகள் படகுபோல வந்தன. எங்கள் மொட்டை மாடியில் தேங்கிய தண்ணீர் கீழே இறங்க வழி தேடி, சார் வீட்டுக் கூடத்து மின்விசிறிக்குப் பக்கத்தில் ஒரு வழியைக் கண்டுபிடித்தது. சார் அங்கே ஒரு வாளியை வைத்தார். அது போதவில்லை, குக்கரை வைத்தார். ஹேமாவதி ஏதோ சர்க்கரை கடன் கேட்கப் போனவள், கூடத்தில் வாளியும் குக்கரும் தவலையும் வரிசையாக உட்கார்ந்திருக்க, நடுவில் குடை பிடித்தபடி ஏசுதாசன் சார் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டாள். (குடை பிடிக்கவில்லை, குடை பக்கத்தில்தான் இருந்தது என்று சார் இன்றுவரை மறுக்கிறார்.)

"ஓனர்கிட்ட சொன்னீங்களா சார்?"

"அவருக்குத் தெரியும்மா."

"தெரிஞ்சுமா சும்மா இருக்கார்?"

"அவர் மட்டும் என்ன பண்ணுவார்? மேல இருக்கிறது பொது மாடி இல்லையா?"

"அவருக்கு வேற சப்போர்ட் பண்றீங்களா நீங்க!" என்று ஹேமாவதி சர்க்கரை வாங்காமலே திரும்பிவிட்டாள்.

அந்த வாரமே சங்கக் கூட்டம். வாகனங்கள் நிறுத்துமிடத்தில் நாற்காலிகள் போட்டோம். உரிமையாளர்கள் உட்கார்ந்தார்கள். வாடகைதாரர்கள் வழக்கம்போலத் தூணோரம் நின்றார்கள். ஏசுதாசன் சாரும் தூணோரம் நின்றார். மொட்டை மாடியில் பழைய தளத்தைக் கொத்தியெடுத்துவிட்டுப் புதிதாகத் தட்டோடு பதிக்க வேண்டும். மேல்மாடி வீட்டு உரிமையாளர்கள் எல்லாரும் கூட்டத்தில் நேரில் கைதூக்கிச் சம்மதித்தால்தான் வேலையைத் தொடங்க முடியும் என்பது சங்கத்தின் விதி. எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள், கூட்டத்துக்கே வராத சாரின் ஓனரைத் தவிர.

ஸ்ரீநிவாசராகவன் எழுந்தார். அவருக்கு அன்று இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல் என்று நினைக்கிறேன். "ஒரே ஒரு ஆளால இந்த வேலை நிக்குது" என்று ஆரம்பித்தவர், அந்த ஒரே ஒரு ஆளைக் கால்மணி நேரம் விட்டு விளாசினார். "மனசாட்சி இல்லாத ஜென்மம்" என்றார். "தன் வீட்டு மேல அக்கறை இல்லாதவன் எதுக்குய்யா வீடு வாங்கணும்?" என்றார். கடைசியில் சாரைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்க சார், அந்தாளுக்குக் கொஞ்சமாவது வெக்கம் இருக்கா?" என்றார்.

"இப்ப கொஞ்சம் வந்திருக்கும் சார்" என்றார் ஏசுதாசன்.

அன்றைக்காவது சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் அவ்வளவு பேர் முன்னால், அவ்வளவு திட்டு வாங்கிய பிறகு, 'அது நான்தான்' என்று எப்படிச் சொல்வது? தூணோடு தூணாக நின்று கேட்டுவிட்டு, மெதுவாக மாடியேறிப் போய்விட்டார்.

ஹேமாவதி விடவில்லை. "பாவம் சார், அவர் வாயே திறக்க மாட்டார். நாமளே போய் அந்த ஓனரப் பாத்துப் பேசிடலாம்" என்றாள். ஸ்ரீநிவாசராகவனும் வேட்டியை மடித்துக் கட்டத் தயாரானார். முகவரி வாங்க வேண்டும். சாரிடம் கேட்டால் மழுப்புவார். அவர் மனைவியிடம் கேட்பதுதான் சரி. சனிக்கிழமை காலை ஹேமாவதி, செயலாளர், நான் மூவரும் மாடியேறினோம். துளசிங்கமும் கூடவே வந்தான். ஓனரின் ஊரைத் தெரிந்துகொள்ள அவனுக்கும் ஆசை.

ரத்தினபாய் அக்கா கதவைத் திறந்தார். கையில் அரிவாள்மனையில் பாதி அறுபட்ட சுரைக்காய்.

"அக்கா, கொஞ்சம் உங்க ஓனர்கிட்ட பேசணும். அவர் எங்க இருக்கார்னு சொன்னீங்கன்னா..." என்றாள் ஹேமாவதி.

"ஓனரா?" என்றார் அக்கா. "உள்ள குளிச்சிட்டிருக்கார். உட்காருங்க, வந்துடுவார்."

நாங்கள் உட்கார்ந்தோம். ஸ்ரீநிவாசராகவன் என் காதருகே குனிந்து, "டெனன்ட் வீட்டுக்கு வந்து குளிக்கிற அளவுக்கு உரிமை எடுத்துக்கிறானே!" என்று பல்லைக் கடித்தார். துளசிங்கம் கதவோரம் நின்று, "வூட்ட ஒழுக வுட்டுட்டு இங்கியே வந்து குளிக்கிறான் பாரு, இன்னா தில்லு" என்றான். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கூடவே ஞானப்பாட்டு ஒன்றை யாரோ தாழ்ந்த குரலில் பாடுவதும் கேட்டது. குரல் எங்களுக்குப் பழகிய குரலாக இருந்தது.

கதவு திறந்தது. இடுப்பில் துண்டு, தலையில் இன்னும் கொஞ்சம் சோப்பு நுரையோடு ஏசுதாசன் சார் வெளியே வந்தார். எங்களைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "ஓனரப் பாக்கணுமாம்" என்றார் ரத்தினபாய், சுரைக்காயை நறுக்கிக்கொண்டே.

சார் காதோரத்து நுரையை வழித்துக்கொண்டார்.

ஸ்ரீநிவாசராகவன் முகத்தில் கூட்டத்தில் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வருவது தெரிந்தது. "சார்... அப்ப அன்னிக்கு நான் கூட்டத்துல..." என்று இழுத்தார்.

ஏசுதாசன் சார் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "நீங்க சொன்னது எல்லாத்தையும் ஓனர்கிட்ட சொல்லிட்டேன் சார்."

முதலில் சிரித்தது ஹேமாவதி. சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு நான். செயலாளர் சிரிக்கலாமா கூடாதா என்று சற்று நேரம் தணிக்கை செய்துவிட்டுச் சிரித்தார். துளசிங்கம் மட்டும், "அப்ப கேமராவுல பாத்துகினு இருந்தது யாரு?" என்று கேட்டுக்கொண்டே படியிறங்கிப் போனான்.

ரத்தினபாய் சிரிக்கவில்லை.

எங்களுக்கு டீ கொடுத்து அனுப்பிவைத்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து கணவருக்கு எதிரே உட்கார்ந்தார். விஷயம் முழுவதையும் சொல்லவைத்துக் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கிற குரல்தான்.

"கல்யாணம் ஆன நாளா எந்த வீட்டுக்கும் நான் திரை தைக்கல. தெரியுமா உங்களுக்கு? அடுத்த வீட்டு ஜன்னலுக்கு அளவு சேராதுன்னு பழைய புடவையக் கட்டித் தொங்கவிட்டேன். இந்த வீட்டுக்குத்தான் அளவெடுத்துத் தைக்கக் குடுத்திருக்கேன். அந்த வீட்டுல நீங்க இத்தன மாசமா வாடகைக்கு இருந்திருக்கீங்க."

சார் ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இரும்புலியூர் வீடு ஞாபகம் இருக்கா? வாசல்ல நந்தியாவட்டை வச்சேனே."

"இருக்கு."

"அது ஒண்ணத்தான் என் வீடு மாதிரி நெனச்சேன். பிளஸ்ஸிக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நடுவுல காலி பண்ணச் சொன்னாங்க. டெம்போவுல சாமானுக்கு நடுவுல உக்காந்து பிள்ள சமூக அறிவியல் படிச்சிட்டு வந்தா. நான் வாத்தியாரா இருக்கிற பாடம். அன்னிக்கு முடிவு பண்ணேன், இனிமே எந்த வீட்டையும் மனசுல ஏத்திக்கறதில்லன்னு. இப்ப, நான்தான் ஓனர்னு சொல்லலாம்னு வாயெடுத்தாலே, யாரோ வந்து நிப்பாங்கன்னு தோணுது."

இத்தனை வருடம் கூடவே இருந்தும் ரத்தினபாய்க்கு இது தெரியாது. வீடு மாறுவதை இந்த மனுஷன் சட்டை மாற்றுவதுபோல எடுத்துக்கொள்கிறார் என்றுதான் நினைத்திருந்தார். சுரைக்காயைத் தள்ளிவைத்தார்.

"இந்த வீட்டுலேர்ந்து யாரும் போகச் சொல்ல மாட்டாங்க" என்றார்.

"பேங்க்காரன்?"

"அவன் வந்தா நான் பேசிக்கிறேன்."

சாருக்கு அந்த பேங்க்காரன் மேல் உண்மையாகவே இரக்கம் வந்ததாம்.

அதன் பிறகு நடந்ததற்கு ரத்தினபாய் அக்காவும் ஒரு வகையில் பொறுப்பு. அவர் கேட்டது ஒரு அலமாரி. சார் அந்த வார இறுதியிலேயே துளசிங்கத்திடம், சுவரில் துளை போட ஆள் வேண்டும் என்றார்.

"நம்ம கைல ஒர்த்தன் கீறான் சார். மிசினு வச்சிகினு கீறான். இட்டாரட்டா?"

ஆள் வந்தான். முதல் துளையைத் தானே போட வேண்டும் என்று சார் பிடிவாதம் பிடித்தார். வந்தவன் ஒரு இடத்தைக் காட்டினான். அது ஓரமாக இருக்கிறது, நடுவில் போட்டால்தான் பார்க்க அழகு என்றார் சார். இதுவரை சுவரையே தொடாதவர், இப்போது அதன் அழகைப் பற்றிப் பேசினார். மேஜைமேல் ஏறி நின்று, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இயந்திரத்தை அழுத்தினார்.

சுவருக்குள் போன தண்ணீர்க் குழாய்க்கு நட்டநடுவில் அந்தத் துளை விழுந்தது.

தண்ணீர் பீறிட்டு எதிர்ச்சுவர்வரை போனது. ரத்தினபாய் ஓடிவந்து, மருத்துவமனையில் இரத்தத்தை நிறுத்துகிற அதே தோரணையில் ஒரு துண்டைச் சுருட்டித் துளையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "மெயின் வால்வ மூடச் சொல்லுங்க!" என்று கத்தினார். துளசிங்கம் கீழே ஓடி மொத்தக் கட்டடத்துக்கும் தண்ணீரை மூடினான். தலைக்கு ஷாம்பு போட்டிருந்தவர்கள், குக்கர் கழுவிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பால்கனிக்கு வந்தார்கள்.

"யார் வீட்டுலப்பா?" என்று கத்தினார் செயலாளர்.

"ஓனரு சார் வூட்ல!" என்று கீழிருந்து குரல் கொடுத்தான் துளசிங்கம். "செவுத்துல கெணறு தோண்டிகினு கீறாரு!"

நான் மேலே போய்ப் பார்த்தபோது, சமையலறைத் தரையில் கணுக்கால் நனையும் தண்ணீரில், சட்டையெல்லாம் ஈரமாக, தலையில் சிமெண்டுத் தூளோடு ஏசுதாசன் சார் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் வருத்தம் துளியும் இல்லை. "நம்ம குழாய்தான் சார், பரவாயில்ல" என்றார் என்னிடம். குரலில் ஒரு பெருமை.

குழாயைச் சரிசெய்தார்கள். அடுத்த கூட்டத்தில் மொட்டை மாடிக்குச் சம்மதம் கேட்டபோது சார் நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தூக்கினார். பிறகு அந்தக் கையைக் கீழே இறக்கவே மறந்துவிட்டார். மழை ஓய்ந்து தை பிறந்ததும் வேலை ஆரம்பமானது. சார் தினமும் பள்ளியிலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல் மாடிக்குப் போய் நின்றார். தண்ணீர் ஓடும் சரிவு சரியில்லை என்று இரண்டு முறை கொத்தனாரிடம் வாதாடினார். ஒரு முறை ஜெயித்தார். பொருளாளர் பதவி காலியாகவே இருந்ததால் அதையும் அவர் தலையில் கட்டிவிட்டோம். கட்டிய பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. வராண்டாவில் செருப்பு கிடந்தால் கேள்வி. வண்டி கோட்டைத் தாண்டி நின்றால் கேள்வி. ஸ்ரீநிவாசராகவனே ஒருநாள் என்னிடம், "அவர் பேசாம தூணோரமே நின்னிருக்கலாம்" என்று முனகினார்.

வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்தைக் குடிவந்த நாளிலிருந்து சார் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தார். மாசியில் ஒரு சனிக்கிழமை மாலை அதுவும் நடந்தது. போதகர் ஒவ்வொரு அறையாகப் போய் ஜெபித்தார். ரத்தினபாய் தைக்கக் கொடுத்திருந்த திரைகள், கத்தரிப்பூ நிறத்தில், எல்லா ஜன்னல்களிலும் அளவாகத் தொங்கின. மகிழம்பூ முழுவதும் அங்கே கூடியிருந்தது. ஹேமாவதி பந்தி பரிமாறினாள். ஜெபத்தின் நடுவில், "இந்த வீட்டின் உரிமையாளரை ஆசீர்வதியும்" என்று போதகர் சொன்ன இடத்தில் பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். நான் இல்லை. சார் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் காது சிவந்தது. பிளஸ்ஸி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இந்த மே மாதம் அவர் பணி ஓய்வு பெற்றார். பிரிவு உபசாரத்தில் உடன் வேலை பார்த்தவர்கள், "இனிமே மார்த்தாண்டத்துக்கே போயிடுவீங்களா சார்?" என்று கேட்டார்கள். "எதுக்கு? எனக்குக் கூடுவாஞ்சேரியில வேலை இருக்கு" என்றார். மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குத் தலைமையாசிரியர் உட்பட ஒரு கூட்டத்தையே மின்சார ரயிலில் ஏற்றிக் கூட்டிவந்தார். கூடத்தைக் காட்டினார், சமையலறையைக் காட்டினார், பரணைக் காட்டினார், குளியலறையில் இரண்டு இரண்டு பேராக உள்ளே அனுப்பிக் காட்டினார். அப்புறம் எல்லாரையும் மொட்டை மாடிக்கு அழைத்துக்கொண்டு போனார். புதிதாகப் பதித்த தட்டு ஓடு பாழாகக் கூடாது என்று வாசலிலேயே செருப்பைக் கழற்றவைத்தார்.

மே மாதத்து உச்சி வெயில். அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி காய்ந்துகிடந்தது தளம். தலைமையாசிரியர் ஒரு காலில் நின்றார். பிறகு மற்றக் காலில் நின்றார். கணக்கு வாத்தியார் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்கு ஓடினார். ஏசுதாசன் சார் மட்டும் எதுவும் சுடாதவர்போல நடுவில் நின்றுகொண்டு, மழைத்தண்ணீர் எந்த மூலையில் கிளம்பி எந்த மூலையில் இறங்குகிறது என்று கையை நீட்டி விளக்கிக்கொண்டிருந்தார்.

"சார், கால் பொசுங்குது" என்றார் தலைமையாசிரியர்.

"இதோ முடிஞ்சிடுச்சு சார்" என்றார் ஏசுதாசன். "அந்த வடிகுழாய மட்டும் ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடலாம், வாங்க."